முருங்கை மரத்து வல்லூறு

எங்கள் கொல்லைப்புறத்து முருங்கை மரத்தில் வல்லூறு ஒன்று குடியேறியிருக்கிறது என்று பதினோரு நாள்களுக்கு முன் நான் அறிவித்தபோது, வீட்டில் ஒருவரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாடிக்கு மேலே வட்டமிட்ட பருந்தை முதல் நாள் கழுகு என்றும் மறுநாள் இராசாளி என்றும் அறிவித்து, மூன்றாம் நாள் அதன் வால் நடுவில் பிளந்திருப்பதைக் கண்டு வேறு வழியின்றி மீண்டும் பருந்தாக்கிய வரலாறு எனக்கு இருப்பதால், அந்த அலட்சியத்தை நான் பொருட்படுத்தவில்லை. என் பைனாகுலர் எதையும் 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பதும், மீதி எண்பது மடங்கை நானே சேர்த்துக்கொள்வேன் என்பதும் அக்காவின் நெடுநாள் கருத்து.

ஆனால் இந்த முறை சான்றுகள் அனைத்தும் என் பக்கம் இருந்தன. புறா அளவு உடல், சாம்பல் நிற முதுகு, வெளிறிய வயிற்றில் செம்பழுப்புப் பட்டைகள், வாலில் அகலமான கறுப்பு வரிகள். சிறகை நாலு முறை படபடவென்று அடித்துவிட்டு, மிச்ச தூரத்தை மிதந்தே கடந்து கிளையில் வந்து அமரும் தோரணையும் அப்பட்டமாக வல்லூறின் தோரணையாகவே இருந்தது. அது வந்து இறங்கியதும் அணில் வாலைத் தூக்கித் தூக்கிக் கத்தியது. தவிட்டுக்குருவிகள் ஏழும் ஏழு ஊருக்குக் கேட்கும்படி கூச்சலிட்டன. இத்தனை பேர் ஒரே நேரத்தில் தவறாகப் புரிந்துகொள்வார்களா என்று நான் அக்காவிடம் கேட்டேன். நீ புரிந்துகொண்டாயே, அது போதாதா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

எட்டு நாள்கள் விடியற்காலையில் நோட்டுப் புத்தகத்துடன் படிக்கட்டில் அமர்ந்திருந்ததில் ஒரே ஒரு நெருடல்தான் இருந்தது. வல்லூறு எதையும் பிடிக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் அணில் கத்திக்கொண்டிருந்தும் அது இலைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. வேட்டைப் பறவைகளின் பாய்ச்சல்களில் பெரும்பாலானவை தோல்வியில்தான் முடியும் என்பதை அம்மாவுக்கு விளக்கினேன். இது பாயவே இல்லையே என்று அம்மா கேட்டதை நான் குறித்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் எனக்கு அசைக்க முடியாத ஆதாரம் கிடைத்தது. மரத்தடியில் விரல் நுனி பருமனுக்குக் கறுத்த ரோம உருண்டை ஒன்று கிடந்தது. வேட்டைப் பறவைகள் இரையின் எலும்பு, ரோமம் போன்ற செரிக்காதவற்றை உருண்டையாகக் கக்கிவிடும் என்பது உண்மை. அந்த உண்மையை முழங்கிக்கொண்டே, எலியின் தாடையெலும்பாவது அகப்படும் என்ற நம்பிக்கையில் வெறுங்கையால் உருண்டையைப் பிரித்தேன். எலும்பு இல்லை. பத்தாவது நிமிடத்தில் விரலிடுக்கில் தொடங்கிய அரிப்பு, அரை மணி நேரத்தில் முழங்கை வரை ஏறிக் கழுத்தையும் நலம் விசாரித்தது.

"எலி முடி அரிக்குமாடா?" என்று அம்மா கேட்டார். பார்வை மங்கிய பிறகு அம்மாவின் கேள்விகள் கூர்மையாகிவிட்டன.

மறுநாள் காலையில் கை வீங்கியிருந்ததால் பைனாகுலர் அக்கா மகளிடம் போயிற்று. அவள் கிரிக்கெட் வர்ணனை போல நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பறவை ஒரு கம்பளிப்பூச்சியைக் கொத்தி எடுத்தது. ஈரத்துணியைப் பிழிவதுபோல அதை அலகால் நசுக்கியது. கிளையில் இப்படியும் அப்படியும் தேய்த்து உள்ளே இருந்ததைப் பிதுக்கியது. பிறகு ரோமத்தோடு விழுங்கியது. "மாமா, உங்க வல்லூறு கம்பளிப்பூச்சி சாப்பிடுது" என்று அவள் முடித்தாள். நச்சுள்ள குடலை நீக்கிவிட்டு மற்றதை விழுங்கி, ரோமத்தை மட்டும் உருண்டையாகக் கக்கும் அந்தப் பறவைக்கு அரிப்பே இல்லை. கக்கியதைப் பிரித்துப் பார்த்த எனக்குத்தான் இருந்தது.

அது அக்காக்குயில். பைனாகுலரை வாங்கிப் பார்த்தபோது, கொக்கிபோல் வளைந்திருக்க வேண்டிய அலகு ஏறக்குறைய நேராக இருந்தது; கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இரண்டையும் எட்டு நாள்களாக எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்பதை இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. வல்லூறின் வேடத்தில் வரும் இந்தக் குயில், தவிட்டுக்குருவியின் நீல முட்டைகளுக்கிடையே தன் நீல முட்டையை இட்டுவிட்டுப் போகும் சாமர்த்தியசாலி. ஆக, குருவிகளின் கூச்சலுக்கு நான் எழுதிய காரணம்தான் தவறு, கூச்சல் நியாயமானதே. இதற்கு 1797இல் அறிவியல் பெயர் சூட்டியவர் மார்ட்டின் வால் என்று படித்தபோது, என்னைக் கவிழ்த்ததும் இதன் வால்தானே என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் கை ஆறியதும் மறந்திருப்பேன். பகலில் வாய் திறக்காத அந்தப் பறவை, இப்போது நள்ளிரவில் தொடங்கி ஒவ்வொரு முறையும் சுருதியை ஒரு படி ஏற்றி, இதற்கு மேல் தொண்டை கிழிந்துவிடும் என்ற இடத்தில் சட்டென்று நிறுத்தி, நாம் கண்ணை மூடியதும் அடியிலிருந்து மறுபடி தொடங்குகிறது. "விடிய விடிய அக்கா அக்கான்னு கூப்பிடுது, உன் வல்லூறுக்கு என்ன வேணும்னு போய்க் கேளு" என்று இரண்டரை மணிக்கு அக்கா என் கதவைத் தட்டுகிறாள். அம்மாவோ, முதல் நாள் இரவே அதன் குரலைக் கேட்டுவிட்டதாகவும், நான் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்ததால் சொல்ல மனம் வரவில்லை என்றும் நேற்றுதான் வாய் திறந்தார். அந்த மகிழ்ச்சிக்கு நான் கொடுத்த விலை ஒரு முழு டியூப் களிம்பு.

இன்று காலை படிக்கட்டில் வெறுமனே அமர்ந்திருந்தேன். அணிலும் குருவிகளும் ஒரே நொடியில் வாயடைத்துப்போயின. நிமிர்ந்தபோது மதில்மேல், மைனாவைவிடச் சற்றே பெரிய பறவை ஒன்று, மஞ்சள் காலடியில் ஓணானை அழுத்திக்கொண்டு நின்றது. கொக்கி அலகு, இரத்தச் சிவப்பில் கண். ஓணானின் வால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இரையோடு தாழ்வாகப் பறந்து மறைந்தது.

உள்ளே ஓடிச் சொன்னேன். அக்கா, கையைக் காட்டு என்றாள். அம்மா மட்டும் முகத்தை என் பக்கம் திருப்பி, "சத்தம் போட்டுச்சா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்போ நான் எப்படிடா உனக்குச் சாட்சி சொல்றது?"