ஃபோர்ட் வில்லியம் டவுன்ஹில், அப்புறம் நம்ம காட்டுல மண் ஜம்ப்

ஆகஸ்ட் 3, 2023, வியாழன்

நாளைக்கு விடிய அஞ்சு மணிக்கு கிளம்பறோம். புளிசாதம் கிளறி டப்பால போட்டாச்சு, உருளைக்கிழங்கு வறுவல் ஆச்சு, மழைக்கோட்டு எடுத்து வச்சாச்சு, மிட்ஜ் பூச்சிக்கு அடிக்கற ஸ்ப்ரேயும் பைல இருக்கு. ஸ்காட்லாந்தோட மலைப் பகுதியான ஹைலேண்ட்ஸ் பக்கம் ஆகஸ்ட்ல போறவங்க சோத்த மறந்தாலும் ஸ்ப்ரேய மறக்கக்கூடாது, கொசுவ விட ரொம்ப பொடிசு, ஆனா கூட்டமா வந்து கண்ணு மூக்கு காதுன்னு எல்லாத்துலயும் அப்பிக்கும்.

சைக்கிள்ல 13 உலக சாம்பியன்ஷிப்ப ஒண்ணா சேத்து, ஆகஸ்ட் 3ல இருந்து 13 வரைக்கும் ஸ்காட்லாந்துல முதல் தடவையா நடத்துறாங்க. ரோடு ரேஸ் எங்க கிளாஸ்கோ தெருவுலயே வருது. அதுக்கு ஆபீஸ்ல எல்லாரும் பேசறாங்க, எங்க வீட்ல மட்டும் டவுன்ஹில் டவுன்ஹில்னுதான் ஒரு மாசமா பேச்சு, மலை மேல இருந்து கீழ வரைக்கும் சைக்கிள்ல இறங்கற ரேஸ் அது, ஹைலேண்ட்ஸ்ல ஃபோர்ட் வில்லியம்ங்கற ஊர்ல நடக்குது, அதனால நாங்க அங்க.

ஆகஸ்ட் 4, வெள்ளி

லாக் லோமண்ட் ஏரிக்கரை, ரானக் மூர், கிளென்கோன்னு ரோடு பூரா மேகம் தலைல இடிக்கற மாதிரி இருந்துச்சு. பொண்ணு தூங்கவே இல்ல, போன்ல தடத்தோட வீடியோவ திரும்பத் திரும்ப போட்டு பாத்துக்கிட்டே வந்தா.

ஆனாக் மோர்னு ஒரு மலை, 1,221 மீட்டர் உயரம், பக்கத்துலயே பிரிட்டன்ல உயரமான மலையான பென் நெவிஸ். அதோட சரிவுலதான் தடம். சுமார் 2.8 கிலோமீட்டர் நீளம், அதுக்குள்ள 555 மீட்டர் கீழ இறங்கணும். 2002ல இருந்து உலகக் கோப்பை ரேஸ் நடக்கற இடம், 2007ல உலக சாம்பியன்ஷிப்பும் இங்க நடந்திருக்கு. மேல ஏத்திட்டு போற கேபிள் கார், கொண்டோலாவுக்கு க்யூ நீளமா நின்னதால ஓரமா நடந்தே ஏறினோம், நல்லதா போச்சு. டிவில பாக்கறப்ப இது ஏதோ சுமாரான இறக்கம் மாதிரிதான் தெரியும், கேமரா சரிவ சப்பையா காட்டிடும். நேர்ல போய் நின்னா சில இடத்துல கைய ஊனாம என்னால இறங்க முடியல, அதுல மனுசங்க பிரேக்க விட்டுட்டு வராங்க.

மேல பாதி வெறும் திறந்த மலை, மரமே கிடையாது, பாறையும் கருப்பு சேறும்தான். அப்புறம் காட்டுக்குள்ள நுழையுது, அங்க செங்குத்தா வேரும் ஈர மண்ணும். நாங்க காட்டுக்குள்ள ஒரு வளைவுல கயித்த புடிச்சுக்கிட்டு நின்னோம். முதல்ல சத்தம்தான் வருது. கல்லுல ரிம் அடிக்கற சத்தம், செயின் அடிக்கற சத்தம், அப்புறம் மூச்சு சத்தம், அதுக்கப்புறம்தான் ஆளு தெரியறாங்க. ஒரு ஜூனியர் பையன் எங்க முன்னாடி இருந்த கல்ல தொட்டு முன் சக்கரம் ஒரு முழம் வெளிய போயிடுச்சு, இடது கால உருவி மண்ணுல ஒரு தட்டு தட்டி திரும்ப பெடல்ல வச்சான், இவ்ளோவும் நான் மூச்ச இழுத்து விடறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு, அவன் அடுத்த வளைவுல இருந்தான். அவன் கால் பட்ட இடத்துல மண்ணு பேந்து ஈரமா கிடந்துச்சு, பின்னாடி வந்தவங்க ரெண்டு மூணு பேர் அந்தக் கல்லுக்கு ரெண்டு அங்குலம் உள்ள தள்ளி வந்தாங்க. லைன் லைன்னு, அதாவது சக்கரம் போற வழின்னு, இவங்க பேசறதெல்லாம் இந்த ரெண்டு அங்குலத்தப் பத்திதான்.

ஜூனியர் பசங்கள்ல ஜெர்மனியோட ஹென்றி கீஃபர் ஜெயிச்சாரு. ஆனா எங்களுக்கு இன்னிக்கு பெரிய விஷயம் ஜூனியர் பொண்ணுங்க ரேஸ்தான். எரிஸ் வான் லூவன் தங்கம், சாஷா எர்னஸ்ட் வெள்ளி, பாப்பி லேன் வெண்கலம், மூணு பேருமே நியூசிலாந்து! ஒரே நாட்டு பொண்ணுங்க மேடை முழுக்க. 50 லட்சம் ஜனம் இருக்கற நாடு அது. அங்க மலைக்கு மலை பைக் தடம் இருக்கு, சின்னப் பிள்ளைலயே ஒருத்திய பாத்து இன்னொருத்தி ஏறிடறா, அதுதான் காரணம்னு நான் நினைக்கறேன். என் பொண்ணு ஓட்டற இடத்துல அவளோட சேத்து பொண்ணுங்கன்னு பாத்தா விரல் விட்டு எண்ணிடலாம். மேடைய பாத்துட்டு "அம்மா, மூணு பேருமே எனக்கு அக்கா வயசுதான்"னா. ஆமாடி கண்ணுன்னேன். எனக்கு தொண்டைய அடைச்சுடுச்சு.

ஆகஸ்ட் 5, சனி

இன்னிக்கு எலீட், அதாவது பெரியவங்க ரேஸ். காலைலயே கூட்டம், மணி அடிக்கறாங்க, செயின கழட்டின மரம் அறுக்கற மெஷின எடுத்துட்டு வந்து உறும விடறாங்க, இது டவுன்ஹில்ல வழக்கம்.

ரேஸ் முறை தெரியாதவங்களுக்காக சொல்லிடறேன். ஒவ்வொருத்தரா தனித்தனியா இறங்குவாங்க, கடிகாரத்தோட மட்டும்தான் போட்டி. தரவரிசைல கீழ இருக்கறவங்க முதல்ல, பெரிய ஆளுங்க கடைசில. யார் டைம் கம்மியோ அவங்க கீழ ஒரு நாற்காலில உக்காந்து, வேற யாராவது அத உடைக்கற வரைக்கும் காத்துக்கிட்டே இருக்கணும். ஹாட் சீட்னு பேரு. ஆம்பளைங்கள்ல ஜெயிக்கறவருக்கு நாலரை நிமிஷம் போல ஆகுது. அவ்ளோ நேரம் ஹேண்டில்பார் கைய உதறிக்கிட்டே இருந்தா முன்கை இறுகி கல்லாயிடும், கடைசில பிரேக் புடிக்க விரலே மடங்காது. அதுக்கப்புறம் மோட்டர்வேன்னு ஒரு பகுதி வருது, அகலமா, வேகமா, பெரிய பெரிய ஜம்ப்போட. செத்த கையோட அந்த ஜம்ப்ப எல்லாம் தாண்டி, பெடலும் மிதிக்கணும். இந்த தடம் ரொம்ப நீளம், குலுக்கல்தான் அதிகம், நுணுக்கம் பத்தாதுன்னு நெட்ல சில பேர் எழுதறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். கை ஓய்ஞ்ச பிறகும் சரியான லைன்ல வண்டிய வைக்கறதுதான் இதுல நுணுக்கம், வந்து காட்டுல நின்னு பாத்தா தெரியும்.

பொண்ணுங்கள்ல ஆஸ்திரியாவோட வாலி ஹோல், போன வருஷ சாம்பியன், இந்த வருஷமும் அவங்களே. முன்னாடி ஒரு ரேஸ்ல விழுந்தாங்க, அப்ப எங்க வீட்ல ஒருத்தி ரெண்டு நாள் முகத்த தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா. இன்னிக்கு அவ கத்தின கத்துல முன்னாடி நின்ன தாத்தா திரும்பி பாத்து சிரிச்சு, இங்க வாம்மான்னு கம்பி ஓரத்துல இடம் விட்டாரு.

ஆம்பளைங்க ரேஸ் முடியறப்ப எனக்கு குரலே இல்ல. சார்லி ஹாட்டன்! இங்கிலாந்துக்காரர், ஆதர்ட்டன் டீம். ஹாட் சீட்ல உக்காந்து அடுத்தடுத்து வரவங்களுக்கு வழில நடுநடுவுல எடுக்கற ஸ்ப்ளிட் டைம பாத்து பாத்து தலைல கைய வச்சுக்கறாரு, பெரிய திரைல காட்டறாங்க, அவர விட வேகம்னு பச்சை விளக்கு வந்தா கூட்டம் முனகுது, சிவப்பு வந்தா மலையே அதிருது. ரெண்டாவது வந்த ஆந்த்ரியாஸ் கோல்ப் அவரோட அதே டீம்காரர், ஒரு செகண்ட் கூட வித்தியாசம் இல்ல. மூணாவது லாரி கிரீன்லேண்ட், அவரும் பிரிட்டன். 2020ல ரீஸ் வில்சன்னு ஸ்காட்லாந்துக்காரர் ஆஸ்திரியால உலக சாம்பியன்ஷிப் ஜெயிச்சப்ப கொரோனா காலம், வீட்ல உக்காந்துதான் பாத்தோம். இந்த தடவ கம்பி ஓரத்துலயே நின்னு பாத்தாச்சு.

அந்த டீம் ஓட்டற பைக்கும் அவங்களே செய்யறது. ஆதர்ட்டன் அண்ணன் தம்பி தங்கச்சி ஆரம்பிச்ச கம்பெனி, வேல்ஸ்ல இருக்கு, டைட்டானியம் மூட்டு எல்லாம் 3டி பிரிண்ட் பண்ணி கார்பன் குழாய அதுல ஒட்டறாங்க. எங்க வீட்டுக்காரர் மெக்கானிக்கல் இன்ஜினியர், வர வழியெல்லாம் அந்த மூட்டப் பத்தியேதான் பேசிக்கிட்டு வந்தாரு.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

எல்லாரும் இன்னிக்கு சிட்டில ரோடு ரேஸ் பாக்க போயிட்டாங்க, நாங்க காட்டுக்கு. எங்க வீட்டுக்கு கொஞ்ச தூரத்துல மரங்களுக்கு நடுவுல உள்ளூர் பசங்க வருஷக்கணக்கா வெட்டின மண் ஜம்ப் இருக்கு. வாரக்கடைசின்னா இருவது பேராவது இருப்பாங்க.

தெரியாதவங்களுக்கு அது சும்மா மண்மேடு. ஏறுற பக்கம் லிப், அந்தப் பக்கம் லேண்டிங். நடுவுல மண்ண நிரப்பி மட்டமா இருந்தா டேபிள், பள்ளமா இருந்தா கேப். டேபிள்ல குறைவா பறந்தாலும் மேல டொக்குன்னு விழுந்து தப்பிக்கலாம், கேப்ல அந்த சலுகை கிடையாது. லேண்டிங் சரிவு நீங்க பறந்து வர வளைவோட ஒத்துப்போகணும், அப்பதான் விழற வேகம் கீழ இறங்கற வேகமா மாறும், உடம்புல அடிபடாது. களிமண் கலந்த மண்ணா பாத்து, தண்ணி தெளிச்சு, ஸ்பேட் முதுகால தட்டித் தட்டி அந்த சரிவ செய்யறாங்க. மழை பேஞ்சு ஊறியிருந்தா யாரும் ஓட்டக்கூடாது, ஓட்டினா லிப் பொளந்துடும். மண்ணு வெட்ட வராதவங்களுக்கு ஓட்ட இடமில்லங்கறது அங்க எழுதப்படாத சட்டம், ரொம்ப நல்ல சட்டம்.

என் பொண்ணோட பைக் 26 இஞ்ச் சக்கரம், பின்னாடி சஸ்பென்ஷன் கிடையாது, கியர் ஒண்ணுதான், பின் பிரேக் மட்டும், டயர்ல காத்து கல்லு மாதிரி. டேபிளெல்லாம் அவளுக்கு எப்பவோ பழகிடுச்சு. கேப்புக்கு வேகம் எவ்ளோ வேணும்கறதுதான் பயம். அங்க ஒரு பொண்ணு, யுனிவர்சிட்டி படிக்கற வயசு இருக்கும், "என் பின்னாடியே வா, பிரேக்க தொடாத, நான் போற வேகம் போதும்"னு கூட்டிட்டு போனா. முதல்ல ஜம்ப் பண்ணாம லிப் வரைக்கும் வந்து ஒதுங்கினாங்க, அப்புறம் திரும்பவும் மேல ஏறிப் போனாங்க. மேல ரெண்டு ஹெல்மெட் தலையாட்டறது தெரிஞ்சுது. இவர் என் கைய புடிச்சுக்கிட்டாரு. முன்னாடி போனவ எழும்பினா, இவளும் எழும்பினா, பின் சக்கரம் லேண்டிங் முனைல லேசா உரசிட்டு இறங்குச்சு, அவ்ளோதான். சுத்தி இருந்த பசங்க எல்லாம் பைக்க கீழ போட்டுட்டு ஓடி வந்து கத்தினாங்க. இவ ஒண்ணுமே சொல்லல, பைக்க தள்ளிக்கிட்டு திரும்ப மேல ஏறினா.

ஆகஸ்ட் 7, திங்கள்

அவளுக்கு தோள்பட்டை வலி, இட்லி சாப்பிட்டுட்டு திரும்ப தூங்கிட்டா. அந்த லேண்டிங் முனை நேத்தே கொஞ்சம் உடைஞ்சிருக்கு, புதன்கிழமை சாயந்திரம் மழை இல்லன்னா சரி பண்ணப் போறாங்களாம், வரீங்களான்னு கேட்டாங்க. போறேன்னு சொல்லிட்டேன், ஒரு ஸ்பேட் வாங்கணும்.