எம்ப்ராய்டரி மெஷினை நானே சரிசெய்த ஐந்து நாட்கள்

ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் மாலை. பென்னாகரத்து அக்கா ஒருவர் மகள் கல்யாணத்துக்காகக் கொடுத்திருந்த மெரூன் பட்டு ஜாக்கெட்டின் இடது கையில் மூன்றாவது மாங்காய் ஓடிக்கொண்டிருந்தது. கடகடவென்று ஒரு சத்தம். மெஷின் நின்றது. மேல் நூலைச் சரிபார்க்கும்படி திரையில் எழுத்து வந்தது. துணியை இழுத்துப் பிடித்திருக்கும் ஃபிரேமைத் தூக்கிப் பார்த்தேன், வரவில்லை. துணிக்கு அடியில் நூல் புளியங்கொட்டை அளவுக்குத் திரண்டு, ஊசித் தட்டின் துளைக்குள் இறங்கி, துணியையும் மெஷினையும் சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தது.

நான் பாலக்கோட்டில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். தையல், எம்ப்ராய்டரி இரண்டையும் செய்யும் சிறிய கணினி மெஷின் இது. ஃபிரேம் 4 அங்குலத்துக்கு 4 அங்குலம். வாங்கி 4 ஆண்டுகள் ஆகிவிட்டன. உத்தரவாதம் எப்போதோ முடிந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் அலமாரியில் இருந்தன. வெளியூர் சர்வீஸ் கடை ஒன்றுக்குப் போன் செய்தேன். மெஷினைப் பார்க்காமலே, "போர்டு போயிருக்கும், கொண்டுவந்து வைத்துவிட்டுப் போங்கள், மூன்று வாரம் ஆகும்" என்றார்கள். போர்டு என்றால் மெஷினை இயக்கும் மின்னணுப் பலகை. மூன்று வாரம் என்றால் கல்யாணமே முடிந்துவிடும். போனை வைத்த பிறகுதான், இதை நாமே பார்த்துவிடலாம் என்ற துணிச்சல் வந்தது.

அன்று இரவு ஒரு காரியத்தை மட்டும் சரியாகச் செய்தேன். மெஷினை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஊசியைக் கழற்றினேன். நுனி வளைந்த சிறிய கத்தரியைத் துணிக்கும் தட்டுக்கும் நடுவே படுக்கவைத்து, நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். இழுக்கவே இல்லை. அவசரப்பட்டு இழுத்தால் பட்டில் ஓட்டை விழும். துணி விடுபட்டதும் ஃபிரேமை மெஷினிலிருந்து கழற்றினேன், ஆனால் துணியை ஃபிரேமிலிருந்து எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் அதே இடத்தில் திரும்பப் பொருத்துவது யாராலும் முடியாத வேலை. பிளக்கைப் பிடுங்கும் முன்பே, திரையில் தெரிந்த தையல் எண்ணை நோட்டில் குறித்திருந்தேன்: 6,214. ஃபிரேமை வெள்ளைத் துணியால் மூடி அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன்.

போர்டு போயிருக்குமோ என்ற பயத்தை மறுநாள் காலையில் முதலில் தீர்த்துக்கொண்டேன். எம்ப்ராய்டரி பகுதியைக் கழற்றிவிட்டு, சாதாரணத் தையலில் காடாத் துணியை ஓட்டினேன். தையல் விடாமல் நேராக வந்தது. மோட்டார் சத்தம் எப்போதும் போலவே இருந்தது. பிறகு எம்ப்ராய்டரி பகுதியை மாட்டி மெஷினைப் போட்டேன். ஃபிரேம் தாங்கி நான்கு பக்கமும் தடங்கலில்லாமல் நகர்ந்து தன் இடத்துக்கு வந்து நின்றது. மோட்டாரும் நகர்வும் நன்றாக இருக்கும்போது போர்டைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. கோளாறு நூல் போகும் பாதையில்தான் எங்கோ இருக்க வேண்டும்.

அடுத்து நான் செய்தது தவறு. நூல் அடியில் குவிகிறது, ஆகவே கோளாறு அடியில் என்று முடிவு செய்து, அடி நூல் சுற்றிய பாபின் உட்காரும் பாபின் கேஸின் சின்னத் திருகை இறுக்கினேன். போதாதென்று மேல் டென்ஷனையும், அதாவது மேல் நூலின் இறுக்கத்தையும், ஏற்றினேன். திருகு முதலில் எந்த நிலையில் இருந்தது என்று அடையாளம்கூட வைக்கவில்லை. ஒருமுறை குவிந்தது, ஒருமுறை அறுந்தது. திரும்ப இறுக்கினேன், திரும்ப அறுந்தது. ஒன்றரை நாள் இப்படியே போனது.

என் மாமியார் முப்பது வருடம் காலால் மிதிக்கும் மெஷினில் பாவாடை தைத்தவர். மூன்றாம் நாள் காலையில் காபியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நூல் கோப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஏம்மா, ஃபுட்டைத் தூக்காமலா நூல் கோக்கிறாய்?" என்றார். ஊசிக்கு அருகே துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதம்தான் ஃபுட்.

"ஊசியில் நூல் கோத்துவிடும் நெம்புகோல் ஃபுட் இறங்கியிருந்தால்தான் வேலை செய்கிறது, அத்தை."

"அது ஊசிக்கு. மேலே தட்டுக்குள் நூல் இறங்க வேண்டாமா?"

அந்தக் கேள்விதான் வழியைத் திறந்துவிட்டது. மேல் நூலைப் பிடித்து நிறுத்துவது இரண்டு சிறிய டென்ஷன் தட்டுகள். ஃபுட்டைத் தூக்கினால் அவை விலகும், இறக்கினால் நெருங்கிக்கொள்ளும். ஃபுட் இறங்கியிருக்கும்போது கோத்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே இறங்காமல் மேலேயே தங்கிவிடும். பிடிமானம் இல்லாத மேல் நூலை, அடியில் சுழலும் கொக்கியான ஹூக் அளவில்லாமல் கீழே இழுக்கும். குவிவது அடியில், காரணம் மேலே. சாதாரணத் தையலுக்கு நான் எப்போதும் ஃபுட்டைத் தூக்கித்தான் கோப்பேன். எம்ப்ராய்டரியில் நிறத்துக்கு நிறம் நூல் மாற்றும் அவசரத்தில்தான் இந்தப் பழக்கம் வந்திருக்கிறது. ஃபுட்டைத் தூக்கி, முழுப் பாதையிலும் நூலைப் புதிதாகக் கோத்தேன். பிறகு ஃபுட்டை இறக்கி நூலை இழுத்துப் பார்த்தேன். கையில் நல்ல பிடிப்புத் தெரிந்தது. தூக்கி இழுத்தபோது வழுக்கிக்கொண்டு வந்தது. நூல் தட்டுக்குள் உட்கார்ந்துவிட்டதா என்பதை அறிய இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

குவிதல் அந்த நிமிடமே நின்றது. ஆனால் நூல் அறுவது நிற்கவில்லை.

இங்கேதான் அறுந்த நூலின் நுனியைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அன்று அறுந்த நுனிகள் எல்லாம் பிளேடால் வெட்டியது போல இருந்தன. அது இறுக்கத்தால் அறுந்த நூல். மேல் டென்ஷனை நடு எண்ணுக்குக் கொண்டுவந்தேன். பாபின் கேஸ் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தினேன். பழைய மெஷினின் இரும்புக் கேஸ் என்றால் நூலில் தொங்கவிட்டு, லேசாக உதறி, கொஞ்சமாக இறங்குகிறதா என்று பார்ப்போம். இந்தப் பிளாஸ்டிக் கேஸுக்கு நான் துணியையே நம்பினேன். மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல். காடாத் துணிக்கு அடியில் துணியை விறைப்பாக வைக்கும் பேப்பர் கேன்வாஸை இரண்டு மடிப்பாக வைத்து, விரல் அகலத்தில் நெருக்கமான பட்டைகள் ஓட்டிப் பார்த்தேன். துணியைத் திருப்பினால், பட்டையின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையும், இரு பக்கமும் சிவப்பும் தெரிய வேண்டும். வெள்ளையே தெரியாவிட்டால் மேல் நூல் தளர்வு. வெள்ளை அதிகமாகத் தெரிந்தால் மேல் நூல் இறுக்கம். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றினேன், மாற்றியதைத் துணியிலேயே பேனாவால் எழுதினேன். ஆறாவது பட்டையில் அளவு வந்தது. அப்போதே திருகின் மேல் நகப் பூச்சால் ஒரு கோடு போட்டேன்.

நான்காம் நாள், ஒரு நிமிடம் ஓடும், அறும். நுனியைப் பார்த்தேன், இப்போது வெட்டுப்பட்டது போல இல்லை. கோழி இறகு போலப் பிரிந்து பிசிறடித்திருந்தது. இறுக்கத்தில் அறும் நூலுக்குப் பொதுவாக இந்தப் பிசிறு வராது. ஏதோ ஒன்று நூலைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. எம்ப்ராய்டரியில் நூலின் ஒரே இடம், துணியில் போய்ச் சேரும் முன்பு, ஊசிக் காது வழியாகப் பலமுறை மேலும் கீழும் போய்வரும். சாதாரணத் தையலில் தெரியாத சிறு கீறல்கூட இங்கே நூலைத் தின்றுவிடும். முதல் நாள் சோதனையில் நேர்த்தையல் நன்றாக வந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

புது 11-ஆம் எண் ஊசி போட்டேன், தட்டைப் பக்கம் பின்னால் பார்த்து, முழுவதும் மேலே ஏறும்படி. அறுந்தது. புது நூல்கண்டு மாற்றினேன். அறுந்தது. ஊசித் தட்டைக் கழற்றினேன். உள்ளே பஞ்சு, கம்பளித் துண்டு போலக் கெட்டியாகப் படிந்திருந்தது. அதை வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் இரும்பில் படும். புளோயர் வைத்தாலும் பஞ்சு இன்னும் உள்ளேதான் போகும். பிரஷாலும் இடுக்கியாலும் மட்டுமே எடுத்தேன். பஞ்சோடு பஞ்சாக ஏதோ மின்னியது. எதிர்வீட்டு அண்ணன் இரு சக்கர வாகன மெக்கானிக். அவரிடம் சின்னக் காந்தம் ஒன்று வாங்கி, ஈர்க்குச்சியில் கட்டி உள்ளே விட்டேன். ஊசி முனை ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது, அரிசி மணியில் பாதி அளவு. ஆனி மாதம் ஃபிரேமின் ஓரத்தில் இடித்து ஒரு ஊசி உடைந்தது. மேல் துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. எங்கோ விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பாபின் கேஸைக் கையில் எடுத்தேன். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு சிட்டிகைப் பஞ்சை அதன் விளிம்பு முழுவதும் தடவிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் பஞ்சு மாட்டியது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், உடைந்த ஊசி குத்திய பள்ளமும் அதன் கரையில் எழும்பி நின்ற பிசிறும் தெரிந்தன. மேல் நூல் ஒவ்வொரு தையலுக்கும் அந்தக் கரையைச் சுற்றித்தான் போகிறது.

அண்ணனின் பட்டறையிலேயே வண்டி பெயின்ட் வேலைக்கு வைத்திருந்த 2000-ஆம் எண் உப்புத்தாள் கிடைத்தது. "தேய்க்காதே அம்மா, வருடு" என்றார். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பிசிறை மட்டும் மழுங்கச் செய்தேன். பள்ளத்தை நிரவ முயலவில்லை, நிரவினால் கேஸின் வடிவமே மாறிவிடும். பஞ்சு மாட்டாமல் வழுக்கும்வரை வருடி, ஈரத் துணியால் தூளைத் துடைத்து, காயவைத்தேன். ஊசித் தட்டின் துளையையும் அதே பஞ்சால் பார்த்தேன். அங்கே கீறல் இல்லை. கேஸைத் திரும்ப வைக்கும்போது அதன் முக்கோணக் குறியும் மெஷினில் உள்ள புள்ளியும் நேராக வர வேண்டும். தப்பினால் கேஸ் சுழன்று ஊசியில் அடிபடும், அடுத்த பள்ளம் விழும்.

ஊசித் தட்டைப் பூட்டும் முன்பு ஹூக் டைமிங்கையும், அதாவது ஊசி ஏறும் நேரத்துக்கு ஹூக் சரியாக வந்து சேர்கிறதா என்பதையும், பார்த்துவிட நினைத்தேன். மாமியார் டார்ச் பிடித்தார். கைச் சக்கரத்தை என் பக்கமாக மெதுவாகச் சுற்றினேன். ஊசி அடிவரை இறங்கி, மேலே ஏறத் தொடங்கி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வந்ததும், ஹூக்கின் கூர்முனை ஊசிக் காதுக்குச் சற்று மேலே, ஊசியை உரசாமல், நூல் வளையத்துக்குள் நுழைந்தது. சரியாகவே இருந்தது. முனை முந்தியோ பிந்தியோ வந்திருந்தால் அங்கேயே நிறுத்தி, மெக்கானிக்கிடம் கொடுத்திருப்பேன். அந்தத் திருகுகளை வீட்டில் தொடுவது எனக்குச் சம்மதமில்லை. டைமிங் தவறிய மெஷின் தையலை விட்டுவிட்டுத் தைக்கும். என் மெஷின் ஒரு தையலைக்கூட விடவில்லை.

மாலையில் காடாத் துணியில் 10,000 தையல் கொண்ட ஒரு பூவை ஓட்டினேன். வேகத்தை நிமிடத்துக்கு 400 என்று வைத்தேன், 25 நிமிடம். தக்காளி லாரிகளின் சத்தத்துக்கு நடுவே மெஷின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருமுறைகூட அறவில்லை. ஜரிகை நூலுக்கு மட்டும் 14-ஆம் எண் ஊசி, இன்னும் தளர்ந்த டென்ஷன், இன்னும் குறைந்த வேகம். அந்த நூல் முரடு, ஊசிக் காது பெரிதாக இருந்தால்தான் உரியாமல் போகிறது. புது பாபின் கேஸுக்குப் பெங்களூரில் சொல்லிவைத்தேன். கல்யாண வேலை முடியும்வரை வருடிய கேஸே தாங்கியது.

ஐந்தாம் நாள் காலை அலமாரியிலிருந்து ஃபிரேமை இறக்கினேன். பட்டு அசையாமல் இழுவையோடு இருந்தது. அடியில் மீதமிருந்த நூல் துணுக்குகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, ஃபிரேமை மாட்டி, அதே டிசைனைத் திறந்து, குவிந்துபோன தையல்களையும் கணக்கில் சேர்த்து 6,180-ஆம் தையலுக்குப் பின்னோக்கிப் போனேன். முதல் ஊசி குத்தை மோட்டாரால் இறக்காமல், கைச் சக்கரத்தால் இறக்கிப் பார்த்தேன். பழைய துளையிலேயே இறங்கியது. மூன்றாவது மாங்காய் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்து ஓடி, மூக்கு வளைந்து, முடிந்தது. ஐந்து நாள் இழுவையில் பட்டில் ஃபிரேமின் தடம் விழுந்திருந்தது. பின்பக்கமாக நீராவி காட்டியதும் போய்விட்டது. பென்னாகரத்து அக்கா ஜாக்கெட்டை வாங்கும்போது கையை விரித்து நெடுநேரம் பார்த்தார். மாங்காயின் மூக்குக்குச் சற்று முன்னால் ஓர் இடத்தில் நூல் இரட்டையாக, மயிரிழை தடித்திருக்கும். அவர் விரல் அதன் மேல் போய், நிற்காமல் அடுத்த மாங்காய்க்குச் சென்றது.