குதிரைக்குட்டிக்குப் பிறவி நடை உண்டா? ஐஸ்லாந்தின் ஹோலார் பள்ளத்தாக்கில் பார்த்தவை

வட ஐஸ்லாந்தின் ஸ்காகாஃபியோர்துர் பகுதிக்கு ஜூன் மாதத்தில் போனால், அண்மையில் பிறந்த குதிரைக்குட்டிகள் தாயோடு மேய்ச்சல் நிலங்களில் நிற்பதைப் பார்க்கலாம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் குறையாது என்பதால், வேலியோரம் நின்று அவற்றின் ஓட்டத்தை வேண்டிய மட்டும் கவனிக்கலாம். ரேக்யவிக்கிலிருந்து ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 300 கிலோமீட்டர் பயணம் செய்து, பிறகு வடக்கே திரும்பி ஹோலார் பள்ளத்தாக்கை அடைந்தேன். சிவப்பு மணற்கல்லால் கட்டிய பழைய பேராலயமும், குதிரைப் பயிற்சியைப் பாடமாகவே கற்றுத்தரும் பல்கலைக்கழகமும் அங்கே உள்ளன. ஆனால் நான் போனது வேறொன்றுக்காக. லாடம் அடிக்காத, சேணம் ஏற்றாத ஒரு குட்டியைப் பார்த்த மாத்திரத்தில் அதற்கு ‘டோல்ட்’ நடை பிறவியிலேயே இருக்கிறதா என்று பண்ணைக்காரர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதை அறிய வேண்டும் என்ற ஆவல்தான் அது.

பெரும்பாலான குதிரை இனங்களுக்கு நடை, டிராட், கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சல், நாலுகால் பாய்ச்சல் ஆகியவையே உண்டு. ஐஸ்லாந்துக் குதிரைக்கு இவற்றோடு டோல்ட் இருக்கிறது. சிலவற்றுக்குப் பறக்கும் பேஸ் நடையும் சேர்ந்திருக்கும். டிராட்டில் இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் ஒன்றாகத் தரையைத் தொடும், அடுத்து மற்ற இரண்டும். பேஸில் ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து போகும். டோல்ட்டில் இடது பின், இடது முன், வலது பின், வலது முன் என நான்கு குளம்புகளும் தனித்தனியே, சம இடைவெளியில் விழும். வரிசை சாதாரண நடைக்கு உரியதுதான். வேகம் எவ்வளவு கூடினாலும் ஏதேனும் ஒரு குளம்பு தரையில் இருந்துகொண்டே இருப்பதால், மேலே அமர்ந்திருப்பவரின் உடல் தூக்கிப் போடப்படுவதில்லை.

நான் தங்கிய பண்ணையின் உரிமையாளர் முதிய அம்மையார் ஒருவர். முன்னங்கால் எவ்வளவு உயரத் தூக்குகிறது என்பதில் மயங்க வேண்டாம், பின்னங்காலைப் பாருங்கள் என்பதே அவர் முதலில் சொன்னது. ஒரு பக்கத்துப் பின்குளம்பு தரையைத் தொட்ட பிறகு, அதே பக்கத்து முன்குளம்பு எவ்வளவு தாமதித்துத் தொடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கண்ணால் பிடிக்க முடியாவிட்டால் காதைப் பயன்படுத்தலாம். சரளைப் பாதையில் தாய்க்குதிரை டோல்ட்டில் வந்தபோது கண்ணை மூடிக் கேட்டேன். ‘தகதிமி தகதிமி’ என்று சதுஸ்ரத்தில் சொற்கட்டு விழுவது போலத் தெளிவாக இருந்தது. டிராட் என்றால் இரண்டே அடிகள் கேட்கும். நான்கு அடிகள் இரண்டிரண்டாக ஒட்டி, ‘தக’வுக்கும் ‘திமி’க்கும் நடுவே இடைவெளி விழுந்தால், அந்த டோல்ட் பேஸ் பக்கம் சாய்கிறது என்று பொருள்.

அந்தத் தாயின் செம்பழுப்புக் குட்டி பிறந்து சில வாரங்களே ஆனது. தாய் தண்ணீர்த் தொட்டியை நோக்கி வேகம் எடுத்ததும், அது நடையிலிருந்து டிராட்டுக்குப் போகாமல் நேராக நான்கு அடிக்கு மாறியது. பின்தங்கியபோது கேன்டரில் துள்ளி எட்டிப் பிடித்தது. தாய் அருகே வந்ததும் வேகம் குறைகையில் மீண்டும் சில கணங்கள் அதே நான்கு அடி, அதன் பிறகே நடை. யாரும் விரட்டாத நேரத்தில், வேகம் இறங்கும்போது குட்டி தானாக எந்த நடைக்கு வருகிறது என்பதைத்தான் அம்மையார் மிகவும் நம்புகிறார். எனக்கும் இதுவே எல்லாவற்றிலும் உறுதியான அடையாளமாகப் படுகிறது. ஏனெனில் அச்சத்தில் ஓடும் குட்டி தலையைத் தூக்கி முதுகை இறுக்கிக்கொள்ளும். அப்போது டிராட் குதிரையின் கால்கள்கூட ஒழுங்கு கலைந்து விழக்கூடும். கைதட்டி, துணியை வீசி விரட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது அந்த விலங்குக்குச் செய்யும் அநீதி.

அதே மந்தையில் ஒரு கருங்குட்டி புல்வெளி நெடுகிலும் அழகான டிராட்டில் மிதந்து போயிற்று. இதற்கு டோல்ட் இல்லையென்று அம்மையார் தம் குறிப்பேட்டில் எழுதவில்லை. உயரமான புல்லும் மெத்தென்ற தரையும் குட்டியை டிராட்டுக்குத் தூண்டும் என்றும், கெட்டியான பாதையில் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது என்றும் சொன்னார். குட்டிப்பருவத்தில் டிராட்டை மட்டுமே காட்டிய குதிரைகள் பல, ஆள் ஏறிப் பழக்கிய பிறகு நல்ல டோல்ட் நடந்திருக்கின்றன.

நடை பிறவியிலேயே அமைகிறது என்பதற்கு மரபணுவிலும் ஆதாரம் இருக்கிறது. 70 ஐஸ்லாந்துக் குதிரைகளின் மரபணுக்களை ஒப்பிட்டுத் தொடங்கிய ஆய்வில், ஸ்வீடனைச் சேர்ந்த லெய்ஃப் ஆண்டர்சன் குழுவினர் 2012-இல் டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாற்றத்தைக் கண்டறிந்தார்கள். கால்களின் இயக்கத்தை ஒருங்கிணைக்கும் தண்டுவட நரம்பணுக்களில் இந்த மரபணு வேலை செய்கிறது. பேஸ் நடக்கும் ஐஸ்லாந்துக் குதிரைகள் ஏறக்குறைய எல்லாமே தாய், தந்தை இருவழியிலும் இந்த மாற்றத்தைப் பெற்றவை. ஒரு வழியில் மட்டும் பெற்றவை டோல்ட் நடப்பதோடு, டிராட்டிலும் கேன்டரிலும் பொதுவாகச் சிறந்து நிற்கின்றன. அந்தக் கருங்குட்டி இரண்டாம் வகையாக இருக்கலாம். பிடரிமயிரை வேரோடு சில இழைகள் பிடுங்கி அனுப்பினால் ஆய்வகம் சொல்லிவிடும். ஆனால் ஆய்வகம் சொல்வது இயலுமா என்பதை மட்டுமே. அடிகள் எவ்வளவு சீராக விழும், உடல் எவ்வளவு தளர்வாக இருக்கும் என்பதற்குக் கண்ணும் காதும் வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஒரு வயதும் இரண்டு வயதும் ஆன குதிரைகளில் சிலவற்றுக்குப் பின்பக்கம் முன்பக்கத்தைவிட உயர்ந்து நின்றது. வளர்ச்சி இப்படி ஏறுமாறாக இருக்கும் காலத்தில் நடை தடுமாறும் என்பதால், அந்த வயதில் பார்த்ததை அம்மையார் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முறையான பயிற்சி நான்கு வயதளவில்தான் தொடங்குகிறது. இனவிருத்திக்கான மதிப்பீட்டில், ஆள் ஏறி ஓட்டிக் காட்டும்போது ஒவ்வொரு நடைக்கும் 5 முதல் 10 வரை மதிப்பெண் தருவார்கள். காட்டாத நடைக்கு 5 தான்.

அவருடைய குறிப்பேட்டில் செம்பழுப்புக் குட்டிக்கு நேரே ‘டோல்ட் தெளிவு, டிராட் குறைவு, பேஸ் இன்னும் பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்ததை எனக்குப் படித்துச் சொன்னார். கருங்குட்டிக்கு ‘டிராட்’ என்று மட்டும் எழுதி, மீதி வரியை வெறுமையாக விட்டிருந்தார். கோடையில் மந்தை மலை மேய்ச்சலுக்குப் போய்விடும். செப்டம்பர் இறுதியில் லாவ்ஸ்காலாரெட் பட்டிக்கு ஓட்டி வரும்போது, கெட்டியான பாதையில் அதை மறுபடி பார்த்துவிட்டு அந்த வரியை நிரப்புவாராம்.