தமிழ் எழுத்து உடையாமல் வடிவமைக்க
வெள்ளவத்தைப் பக்கம் பதாகை, கலியாண அட்டை வடிவமைக்கிற தம்பி தங்கச்சிமார், முதலில் எழுத்தைப் பாருங்கோ. பழைய ஃபோட்டோஷொப்பில் யுனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்) 'கொழும்பு' அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பந்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கொம்போசர் என்ற, பிறமொழி எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வசதியைத் தெரிவு செய்தால்தான் சரிவரும்.

லோகோ, பதாகைக்கு இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள்தான் என் தெரிவு. இலவசம், எவ்வளவு பெருப்பித்தாலும் விளிம்பு உடையாது. அச்சகத்துக்கு அனுப்ப முதல் கோப்பை ஒரு பிரதி எடுத்து, அதில் எழுத்தைத் தெரிவு செய்து கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி அழுத்தி, எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக்குங்கோ. இல்லையென்றால், அச்சகத்தாரிடம் அந்த ஃபொன்ட் இல்லாவிட்டால் எல்லாம் மாறிப்போகும்.

தூரிகையால் வரைகிற மாதிரி வரைய கிரிட்டா என்ற மென்பொருள். ஏ3, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3508×4961 பிக்சல். நிறைந்த லேயர் (படத்தின் ஓர் அடுக்கு) ஒன்றுக்கே 70 எம்பி மெமரி வேணும். 4 ஜிபி மடிக்கணினியில் 30 லேயர் திணறும், வேலை முடிந்த லேயர்களை இடையிடையே ஒன்றாக்குங்கோ.