சுடலைமுத்து

"குழந்தைக்கா இந்தப் பேரு?" என்று இருமுறை கேட்டார் நகராட்சி அலுவலக ஊழியர்.

தம்பி மகனுக்குத்தான். எங்கள் தாத்தா பெயர்.

பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை வீட்டில் ஷ், ஸ் வருகிற பெயர்களைப் பற்றியே ஒரே பேச்சு. கடைசியில் தம்பி மனைவிதான், "தாத்தா பேரையே வைப்போமே" என்றாள்.

நெல்லைப் பக்கம் பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயில் வாசலில் நின்று "ஏலே சுடலை!" என்றால், முன்பெல்லாம் பலர் திரும்பிப் பார்ப்பார்கள். சுடலை, இசக்கி, பேச்சி எல்லாம் நம்மைக் காக்கும் தெய்வங்களின் பெயர்கள். இப்போது பிள்ளைகளின் இனிஷியலில் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டன. எனக்கு அது உண்மையாகவே வலிக்கிறது.

வீட்டில் முத்து என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் முழுப்பெயரும் இருக்கட்டும்.