கோட்டையூரில் வாடகை வீடு: சாவி கைக்கு வருவதற்குள்

காரைக்குடிக்குள், செக்காலைப் பக்கம் கேட்கிற வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் கோட்டையூர். அழகப்பா பல்கலைக்கழகத்தைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். டவுன் பஸ் உண்டு, 2021இலிருந்து பெண்களுக்கு அதில் டிக்கெட்டுக்குக் காசும் இல்லை. என் கணவர் திருச்சி போய்வர ஜங்ஷனும் பக்கம்தான். வீடு பார்க்கிறவரை எல்லாம் சுலபம். “இந்த வீடு யாருடையது?” என்று கேட்ட பிறகுதான் ஆரம்பித்தது வினை.

புரோக்கர் முதலில் காட்டியது ஒரு பழைய செட்டியார் வீட்டின் பின்கட்டு. ஆத்தங்குடிக் கல் தரை, காற்றோட்டம், விசாலமான அடுப்படி. வாடகையும் குறைவு. ஆனால் அட்வான்ஸ் பத்து மாதம், அதுவும் அன்றைக்கே வேண்டுமாம். ஈபி கார்டைக் காட்டச் சொன்னேன். அதில் இருந்த பெயரைப் படித்ததும் வாட்ச்மேன் தாத்தா, “அவுக தவறி ரொம்ப வருசமாச்சே” என்றார். அப்புறம் அவரே சொன்னார்: வீடு பங்காளிகளுக்குப் பொது, ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், மற்றவர்கள் எங்கெங்கோ. அட்வான்ஸ் வாங்கப் போவது சென்னைக்காரர் மட்டும்.

“மத்தவங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

“முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வருவாக, அப்பச் சொல்லிக்கலாம். கல்யாணம் கார்த்திகைன்னா வீட்டை முழுசாத் திறப்பாக. அப்ப மட்டும் நீங்க எங்கயாச்சும் போய் இருந்துக்கிடணும்.”

புரோக்கருக்குக் கோபம். “ஏம்மா, வாடகைக்குத்தானே கேக்குறீங்க, கிரயத்துக்கா?” என்றார். நான் பணத்தை எடுக்கவே இல்லை.

இந்தப் பக்கம் வீடு தேடுகிறவர்கள் அட்வான்ஸுக்கு முன்னால் வீட்டு வரி ரசீதையும் ஈபி கார்டையும் பார்த்துவிடுங்கள். ரசீதில் பேரூராட்சி என்று இருந்தால் பதற வேண்டாம், கோட்டையூர் காரைக்குடி மாநகராட்சியோடு சேர்ந்ததே 2024இல்தான். பெயர்தான் முக்கியம். பொதுவீடு என்றால் மற்ற பங்காளிகளின் சம்மதத்தை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்துக் கிடைத்தது ஒரு மாடி போர்ஷன், தெரிந்தவர் மூலமாக. கீழே வீட்டுக்கார ஆச்சி தனியாக இருக்கிறார். அசைவம் உண்டா, விருந்தாளி வருவார்களா என்று நேராகக் கேட்டுவிட்டு, சாதியை மட்டும் “சொந்த ஊர் எது, குலசாமி எது” என்று சுற்றி வளைத்துக் கேட்டார். எரிச்சல்தான், ஊரையும் சாமியையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். ஆனால் மாடிக்குத் தனி மீட்டர். இது பெரிய விஷயம். சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று கறக்கிற இடங்களில், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது வாடகைக்காரர் கண்ணிலேயே படாது.

ஆச்சியும் பத்து மாதம்தான் கேட்டார். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, தனியாக வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. இதைச் சென்னையில் இருக்கும் அவருடைய மகனிடம் போனில் பக்குவமாகச் சொன்னோம். ஐந்தில் வந்து நின்றது. எனக்கு அது வெற்றிதான்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்யப் போனபோதுதான் அலைச்சல். அங்கே இருந்த எழுத்தர் ஆச்சியின் ஆதார் ஜெராக்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, “பான் எங்கே?” என்றார். பான் கார்டு சென்னையில், மகனிடம். அது வாட்ஸ்அப்பில் வந்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனால், “போட்டோ ஒட்டலியே” என்கிறார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, “நீங்க கேக்கலையே” என்று பதில். என்னென்ன வேண்டும் என்று அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கினேன். அதற்கப்புறம் புதிதாக எதுவும் முளைக்கவில்லை.

“அதெல்லாம் எதுக்கு ஆத்தா, பத்திரத்துல கையெழுத்துப் போட்டாப் பத்தாதா?” என்று முனகிய ஆச்சி, பதிவு எண் வந்ததும் தனக்கும் ஒரு நகல் கேட்டு வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்.

அந்தப் புரோக்கர்தான் இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார், வீடு காட்டியதற்கு ஒரு மாத வாடகை கமிஷன் வேண்டுமாம். எந்த வீட்டுக்கு என்று கேட்டால் வைத்துவிடுகிறார்.