ஹாம்லெட்டின் கோட்டையும் ஒட்டுக்கேட்கும் சுவர்களும்

கோபன்ஹேகனிலிருந்து ஹெல்சிங்கோருக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்தான் என்று நம்பிக் கிளம்பிய என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டு, தண்டவாளத்தில் வேலை நடக்கிறது என்று சொல்லி, கால் வைக்க இடமில்லாத மாற்றுப் பேருந்தில் ஏற்றிய எரிச்சல் இதை எழுதும்போதும் தணியவில்லை. எதை வாங்கினாலும் டேனிஷ் குரோனில் உள்ள விலையைப் பெருக்கி ரூபாயாக்கிப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் டென்மார்க் இளவரசன் ஹாம்லெட்டின் கதை நடக்கும் குரோன்போர்க் கோட்டையின் நுழைவுக் கட்டணத்தையும் அப்படிப் பெருக்கிய பிறகு, விடுதியிலிருந்து கட்டி வந்த ரொட்டியே மதியச் சாப்பாடு என்று முடிவாயிற்று.

ஆனாலும் கொடுத்த காசு வீண் போகவில்லை. கொத்தளத்தில் நின்றால், எதிரே சுமார் 4 கிலோமீட்டரில் ஸ்வீடன் தெரிகிறது. 1429 முதல் 1857 வரை இந்த நீரிணையைக் கடந்த கப்பல்களிடம் டென்மார்க் அரசர்கள் சுங்கம் வாங்கினார்கள். அந்த வருவாயின் பலத்தில்தான் இரண்டாம் ஃப்ரெடரிக் 1574 முதல் 1585 வரை பழைய கோட்டையை இந்த மாளிகையாக மாற்றினார். போகிற வருகிற பாய்மரங்களைப் பீரங்கியோடு கண்காணிப்பதே பிழைப்பாக இருந்த இடம் இது. காவலன் ஒருவன் "யாரங்கே?" என்று கேட்பதோடு ஹாம்லெட் நாடகம் தொடங்குவதும், 1816-ல் அது முதன்முதலாக இங்கே மேடையேறியபோது இக்கோட்டையின் காவற்படை வீரர்களே நடித்தார்கள் என்பதும் எவ்வளவு பொருத்தம்!

62 மீட்டர் நீள நடனக்கூடத்தில் நான் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியவை டென்மார்க் அரசர்களின் உருவங்கள் நெய்த, சாயம் மங்கிய தொங்குதிரைகள். 40 திரைகளில் 7 இங்கே இருக்கின்றன. இத்தகைய ஒரு திரைக்குப் பின்னால் ஒளிந்து, ஹாம்லெட்டும் அவன் தாயும் பேசுவதை ஒட்டுக்கேட்டபோதுதான் அமைச்சர் பொலோனியஸ் அவன் வாளுக்கு இரையாகிறார்.

இந்த நாடகத்தில் வேவு பார்க்காதவர் யார்? பாரிசில் இருக்கும் மகன் லேயர்டிஸைப் பற்றிப் பொய்ப் பழிகளை அவிழ்த்துவிட்டு ஊராரின் வாயைக் கிளறும்படி ரெய்னால்டோவை அனுப்புகிறார் பொலோனியஸ். அரசன் கிளாடியஸ், ஹாம்லெட்டின் பால்யத் தோழர்கள் இருவரையே வரவழைத்து ஒற்றர்களாக்குகிறான். ஹாம்லெட்டும் சளைத்தவன் அல்லன். சபையில் நாடகம் போடவைத்துச் தன் தந்தையைக் கொன்றவன் என்று சந்தேகிக்கும் சித்தப்பன் கிளாடியஸின் முகத்தையே கவனித்துக்கொண்டிருக்கிறான்.

அவனுக்குப் பிடித்திருப்பது பித்தா, அல்லது நடிப்பா என்று கல்லூரித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இங்கே நின்றபோது அந்தக் கேள்வியே அசட்டுத்தனமாகப் பட்டது. கதவுக்குக் கதவு காது முளைத்த வீட்டில், உளறுகிறவனின் பேச்சிலிருந்து ஒற்றன் என்ன செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பான்? 1200 வாக்கில் டென்மார்க் வரலாற்றாசிரியர் சாக்ஸோ கிராமட்டிகஸ் லத்தீனில் எழுதிவைத்த பழங்கதையில், ஹாம்லெட்டின் முன்னோடியான ஆம்லெத் சேவல்போலக் கூவிக் குதித்தே வைக்கோலுக்கடியில் பதுங்கியிருந்த ஒற்றனைக் கண்டுபிடித்துக் கொல்கிறான்.

பொலோனியஸின் மகள் ஒபீலியாவுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. தகப்பனும் அரசனும் அவளைத் தூண்டிற்புழுவாக நிறுத்திவிட்டு ஒளிந்து கேட்கிறார்கள். பிறகு அந்தத் தகப்பன் ஒளிந்த இடத்திலேயே, அவள் நேசித்தவன் கையால் சாக, அவள் மெய்யாகவே சித்தம் கலங்கிப் பூக்களைப் பெயர் சொல்லிப் பங்கிடுகிறாள். அப்போதும் கிளாடியஸின் கட்டளை, அவளைப் பின்தொடர்ந்து நன்றாகக் கண்காணியுங்கள் என்பதுதான். அத்தனை காவலுக்குப் பிறகும் அவள் ஓடையில் மூழ்கிப் போகிறாள்.

திரைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடமிருக்குமா என்று பார்க்க, கன்னத்தைச் சுவர்ப்பக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தேன். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மூலையில் நின்ற பெண் ஊழியர் எவ்வளவு நேரமாக என்னைக் கவனித்துக்கொண்டிருந்தாரோ, தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கி வந்து, மதில் மேல் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றேன்.